ஓட்டை அடைத்தல்

ஸ்ரான்லி வீதிப் பல் கிளினிக்கில்
காத்திருப்போருக்கு இரண்டு வாங்கு,
ஒரு காற்றாடி,
நாலடி உப்புத் தண்ணீர்.
தண்ணீருக்குள் ஊசிமூக்கு வண்ணாத்தி:
எலுமிச்சை மஞ்சள், வாலடியில் ஒரு பொய்க்கண்.
பாசையூர் அருமைத்துரை
திருகோணமலைப் பாரிலிருந்து பிடிப்பித்துத் தந்தது.
விலையைக் கேட்டு டொக்டர் நேசராஜாவே
வாயை ஆவென்று திறந்தார்.

ஐந்து நாளாக அது ஒன்றும் தின்னவில்லை.

பேணிக்குள் இருந்தது சிவத்தக் குறுணி.
தூவினால் கிட்ட வரும்,
ஒற்றைக் கண்ணால் பார்க்கும்,
கலியாண வீட்டில் உப்பில்லாக் கறியைக் கண்ட
மாப்பிள்ளையின் மாமன் மாதிரித்
திரும்பிக்கொள்ளும்.

"நிறஞ்சினி, நீர்தான் பார்க்கவேணும்" என்றார் டொக்டர்.
எனக்குத் தெரிந்தது அப்பொயின்மென்ற் கொப்பி,
மிச்சக் காசு,
அழுகிற பிள்ளைக்கு ஸ்ரிக்கர்.

ஆறாம் நாள் குருநகர்ச் சந்தையில்
கால் கிலோ மட்டி.
ஒன்றை உயிரோடு பிளந்து
ஓட்டோடு மணலில் வைத்தேன்.
மூக்கு மெல்ல இறங்கியது,
சதை மடிப்புக்குள் நுழைந்து
ஒரு நூல் இழுத்தது.
பசி இருக்கிறது.
அப்ப, நம்பிக்கைதான் இல்லை.

பிறகுதான் விளங்கியது.
தூவினதைப் பொறுக்கிற மூக்கில்லை அது,
இடுக்கில் தேடுகிற மூக்கு.
கடல் ஒருநாளும் அதற்குத்
தட்டில் போட்டுக் கொடுத்ததில்லை;
ஒளித்துத்தான் வைத்தது.

தொட்டிக்குள் ஒரு செத்த பவளக்கல்,
சூத்தை விழுந்த கடைவாய்ப் பல் மாதிரி
எங்கு பார்த்தாலும் ஓட்டை.
உள்ளே டொக்டர் அடைக்கிற நேரம்
வெளியே நானும் அடைக்கத் தொடங்கினேன்.
அவர் கழித்துவிட்ட வளைந்த உருக்குக் கரண்டி.
மூன்று பங்கு மட்டிச் சதை,
ஒரு பங்கு தூளாக்கிய குறுணி,
உள்ளிச் சாறு இரண்டு துளி;
பிசைந்து, குழிகளில் அழுத்தி,
மேலே வழித்து,
கல்லைப் பழையபடி இறக்கினேன்.

அவருடைய அடைப்புக் கழன்றால்
ஆள் கோபத்தோடு திரும்பி வரும்.
என்னுடையது மத்தியானத்துக்குள் கழன்றால்
அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும்.

மிச்சத்தை ஊசி கழற்றிய சிரிஞ்சால் உறிஞ்சுவேன்;
விட்டால் ஒரே இரவில் தண்ணீர் நாறும்.
வரவேற்பு மேசையில் உள்ளி மணத்தது.
வந்தவர்கள் என்னை
ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

பதினொராம் நாள் சரிக்குச் சரி.
பதினாலாம் நாள் கரண்ட் போனது.
ஒரு மணித்தியாலம் கோப்பையால் தண்ணீரை
அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டு நின்றேன்.
பயந்துபோய் அன்று எதையும் தொடவில்லை அது.
மறுபடி மூன்றுக்கு ஒன்று.
பின்னுக்குப் போறதும் கணக்குத்தான் என்று
கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
எனக்கே எழுதிவைத்தேன்.

இருபத்திரண்டாம் நாள்
கல்லில் ஒன்றும் வைக்காமல்
ஊறவைத்த குறுணி நாலை மட்டும்
ஓட்டைக்கு நேரே விழவிட்டேன்.
எடுத்தது. துப்பியது.
உள்ளேயிருந்து டொக்டரின் குரல்:
"கொப்பளிச்சுத் துப்புங்கோ."
எடுத்தது. துப்பியது.
போன் அடித்தது, திரும்பினேன்.

வாங்கில் இருந்த ஓட்டோக்காரர் அலோசியஸ்,
பாதி வாய் விறைச்சு, பஞ்சைக் கடித்தபடி
கண்ணாடியைக் காட்டி
"ஆ... ஆங்... ஆ" என்றார்.
விழுங்கினதை நான் காணவில்லை.
கண்ட ஒரே சாட்சிக்குச்
சொல்ல வாயில்லை.

அடுத்த நாள் மூன்று எடுத்தது.
அதற்கடுத்த நாள் முகத்தைத் திருப்பியது.
இப்போது பேணியைத் தட்டினாலே
முன்கண்ணாடிக்கு வந்து நிற்கிறது;
ஆனாலும் வாயில் எடுத்ததைக்
கல்லடிக்குக் கொண்டுபோய்த்தான் விழுங்கும்,
தானே தேடிக் கண்டுபிடித்த மாதிரி.

மட்டிக்கார றோஸ்மலர் கேட்கிறா:
"என்ன பிள்ளை, உன்ர மீன் இனி மட்டி தின்னாதோ?"
தின்னும் அக்கா. நான்தான் குடுக்கிறதில்லை.
நிறுங்கோ கால் கிலோ.
இது எனக்கு.